நவூரு: நாடு கிடைத்தது, நிலம் எஞ்சவில்லை

நவூரு என்ற பெயர் எம்மில் பலருக்கு ஒரு முகாமின் பெயராகவே அறிமுகமானது. 2007-ஆம் ஆண்டிலும், பின்னர் 2012-க்குப் பிறகும், படகேறி அவுஸ்திரேலியாவை நோக்கிப் போன எமது இளைஞர்கள் அங்கே கொண்டுபோய் அடைக்கப்பட்டார்கள். அதன்பின் அந்தப் பெயர் எமது செய்திகளில் அடிக்கடி வந்தது. ஆனால் அந்த முகாமைச் சுற்றி ஒரு நாடு இருக்கிறது. அந்த நாட்டுக்கு ஒரு மொழியும், ஒரு கொடியும், ஒரு பாராளுமன்றமும் இருக்கின்றன. அங்கு வாழும் மக்களும் ஒரு போரிலே தம் தீவிலிருந்து கப்பலேற்றப்பட்டு, மூன்றில் ஒரு பங்கினருக்கும் அதிகமானோரை வேற்று மண்ணில் புதைத்துவிட்டுத் திரும்பியவர்கள். அந்த மக்களின் கதையை எமது வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பிறர் எமக்குச் செய்த அநீதியை எப்படி எதிர்கொள்வது என்பதற்கும், எம்மவர் கையில் அதிகாரம் வந்தபின் என்ன நடக்கக்கூடும் என்பதற்கும் அதிலே பாடம் உண்டு.

தீவும் மக்களும்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது நவூரு. முழு நாட்டின் பரப்பு 21 சதுர கிலோமீற்றர். உலகின் மிகச் சிறிய குடியரசும் மிகச் சிறிய தீவு நாடும் இதுவே. வத்திக்கானும் மொனாக்கோவும் மட்டுமே இதைவிடச் சிறிய நாடுகள். அயலில் உள்ள அடுத்த தீவு பனாபா. அதுவும் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரத்தில். நவூருவின் சனத்தொகை 12,000-ஐ அண்மித்தது. எமது பகுதியின் ஒரு நடுத்தரப் பட்டினத்து மக்களைவிடக் குறைவு. உத்தியோகபூர்வமான தலைநகர் என்று ஒன்று இல்லை. யாரென் என்ற மாவட்டத்தில் பாராளுமன்றமும் அரச அலுவலகங்களும் விமான நிலையமும் இருப்பதால் அதையே தலைநகர் என்பார்கள்.

தீவின் கரையோரமாக ஒரு குறுகிய பட்டியில்தான் மக்கள் வாழ்கிறார்கள். தென்னையும் தாழையும் வளர்வது அங்கேதான். அதற்கு உட்புறம் நிலம் உயர்ந்து ஒரு மேட்டு நிலமாகிறது. ஒருகாலத்தில் காடாக இருந்த அந்த மேட்டு நிலத்தில் இன்று பெரும்பகுதி வெறும் சுண்ணாம்புக் கல் முனைகள். பல மீற்றர் உயரமான கற்கள் பற்களைப் போல வரிசையாக நிற்கின்றன. நடக்க முடியாது, பயிரிட முடியாது, வீடு கட்ட முடியாது. ஏன் இப்படியானது என்பதுதான் நவூருவின் வரலாறு.

பழைய நவூருவில் 12 குலங்கள் இருந்தன. தாய்வழியாகவே ஒருவர் எந்தக் குலம் என்பது தீர்மானிக்கப்படும். இன்றும் அந்த வழக்கம் உண்டு. நாட்டின் கொடியில் உள்ள வெள்ளை நட்சத்திரத்தின் 12 முனைகள் அந்தக் குலங்களைக் குறிக்கின்றன. நீல நிறத்தின் குறுக்கே ஓடும் மஞ்சள் கோடு பூமத்திய ரேகை. அதற்குக் கீழே நட்சத்திரம் இருப்பதுபோல, ரேகைக்குக் கீழே நாடு இருக்கிறது.

இத்தீவில் ஆறு இல்லை. மழையை நம்பியே வாழ்க்கை. இருந்தும் மக்கள் நுட்பமான ஒரு மீன் வளர்ப்பைக் கண்டுபிடித்திருந்தார்கள். கடற்பாறைகளில் பால்மீன் குஞ்சுகளைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நன்னீருக்குப் பழக்கி, தீவின் நடுவேயுள்ள புவாடா குளத்தில் விட்டு வளர்த்தார்கள். குளத்திலும் குடும்பங்களுக்குப் பங்கு இருந்தது. பருவக்காற்று மாறி மீன்பிடி குறையும் காலத்துக்கு அது கைகொடுத்தது. கடற்கொள்ளைப் பறவை எனப்படும் பெரிய கடற்பறவைகளைப் பிடித்துப் பழக்குவது ஆண்களின் மதிப்புமிக்க விளையாட்டு. இன்று நாட்டின் சின்னத்தில் அந்தப் பறவை இருக்கிறது. அதற்கு மேலே பொஸ்பரசைக் குறிக்கும் பழைய இரசவாதக் குறியும் இருக்கிறது. வாழவைத்ததும் அழித்ததும் ஒரே சின்னத்தில் என்று சொல்லலாம்.

துப்பாக்கி வந்த காலம்

1798-இல் ஜோன் ஃபேர்ன் என்ற பிரித்தானியக் கப்பல் தலைவர் இத்தீவைக் கண்டு "இனிய தீவு" என்று பெயர் வைத்தார். 1830-கள் தொடக்கம் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் தண்ணீருக்கும் உணவுக்கும் இங்கே வந்தன. கப்பலை விட்டு ஓடிய மாலுமிகள் சிலர் தீவிலேயே தங்கினார்கள். உணவுக்குப் பதிலாகத் தீவுக்கு வந்தவை துப்பாக்கியும் மதுவும்.

முன்பெல்லாம் குலங்களுக்கிடையில் சண்டை வந்தால் ஒரு எல்லையில் நின்றுவிடும். துப்பாக்கி வந்தபின் நிற்கவில்லை. 1878-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் பத்து ஆண்டுகள் நீடித்தது. 1840-களில் 1,400 அளவில் இருந்ததாக மதிப்பிடப்பட்ட மக்கள் தொகை, போர் முடியும்போது ஏறத்தாழ 900 ஆகிவிட்டது. 1888 ஒக்ரோபரில் ஜேர்மனி தீவைத் தன்னுடன் இணைத்தது. குலத்தலைவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆயுதங்கள் ஒப்படைக்கப்படும் வரை விடமாட்டோம் என்றார்கள். 765 துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த ஒரு தீவில் 765 துப்பாக்கிகள். அந்த ஆயுதங்களைக் கொண்டுவந்து விற்றவர்கள் எவரும் அந்தப் போரில் எதையும் இழக்கவில்லை.

கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்

1899 அளவில் சிட்னியில் ஒரு வணிகக் கம்பனியின் அலுவலகத்தில் கதவு மூடாமல் இருக்க ஒரு கல் வைத்திருந்தார்கள். நவூருவிலிருந்து யாரோ கொண்டுவந்த கல் அது. மரம் கல்லாகிப்போனது என்று எண்ணியிருந்தார்கள். அல்பேர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் அதைச் சோதித்துப் பார்த்தார். மிக உயர்தரமான பொஸ்பேற்று. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் உரத்துக்காகக் காத்திருந்த காலம் அது.

1907-இல் ஏற்றுமதி தொடங்கியது. ஜேர்மனியோடு பேசி உரிமை பெற்றது பிரித்தானியக் கம்பனி. வெட்டும் வேலைக்குச் சீனர்களும் அயல் தீவினரும் கொண்டுவரப்பட்டார்கள். நிலத்தின் சொந்தக்காரருக்குத் தொடக்கத்தில் கிடைத்தது தொன்னுக்கு அரைப் பென்னி.

முதலாம் உலகப் போர் தொடங்கியதும் 1914-இல் அவுஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. போர் முடிந்தபின் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. பொஸ்பேற்றை 42, 42, 16 என்ற வீதத்தில் பங்கிட்டன. "பிரித்தானிய பொஸ்பேற்று ஆணையாளர்கள்" என்ற அமைப்பு உருவாயிற்று. நவூருவை "நாகரிகத்தின் புனிதமான பொறுப்பு" என்ற பெயரில் அந்நாடுகளின் கையில் ஒப்படைத்தது சர்வதேச சங்கம். பொறுப்பு யாருக்கு, இலாபம் யாருக்கு என்பது அந்த 42, 42, 16 என்ற கணக்கிலேயே தெரிந்தது. பொஸ்பேற்று உலகச் சந்தை விலையை விடக் குறைவாக அந்நாடுகளின் விவசாயிகளுக்குப் போயிற்று. அந்த மலிவு விலையின் மறுபக்கம் நவூரு மக்களின் நிலம்.

1,500 என்ற எண்

1920-இல் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் தீவுக்கு வந்தது. மக்களில் ஏறத்தாழ 18 வீதத்தினர் இறந்துபோனார்கள். ஏற்கெனவே போரில் மெலிந்த இனம் இனி நிலைக்குமா என்ற அச்சம் எழுந்தது. அப்போதைய நிர்வாகியும் குலத்தலைவர்களும் கூடிப் பேசி ஓர் எண்ணைக் குறித்தார்கள்: 1,500. நவூரு மக்கள் அந்த எண்ணிக்கையை எட்டினால் இனம் பிழைக்கும்; எட்டும் நாளைப் பெருநாளாகக் கொண்டாடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

அந்த நாளுக்கு அவர்கள் வைத்த பெயர் அங்காம். வீடு திரும்புதல், இடர்களைத் தாண்டிக் குறித்த இலக்கை அடைதல் என்ற பொருள்களை அந்தச் சொல் தாங்கி நிற்கிறது. 1932 ஒக்ரோபர் 26-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆயிரத்து ஐந்நூறாவது ஆள். தீவே கொண்டாடியது. அந்தக் குழந்தை அங்காம் குழந்தை என்று அழைக்கப்பட்டாள்.

ஓர் இனம் தன்னைத் தானே எண்ணிப் பார்த்து, இத்தனை பேராவது இருப்போம் என்று உறுதி எடுத்ததைப் போன்ற ஒரு நிகழ்ச்சியை வேறெங்கும் நான் படித்ததில்லை. எண்ணிக்கை என்பது எமக்கு வேறு விதமாகப் பழக்கமானது. எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை என்ற கணக்கு எங்கள் நெஞ்சிலே கிடக்கிறது. அதனால்தான் அங்காம் நாளின் கனம் எமக்கு உடனே விளங்கும்.

ட்ரக் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்கள்

இரண்டாம் உலகப் போர் நவூருவுக்கு முதலில் ஜேர்மன் கப்பல்களின் உருவில் வந்தது. 1940 டிசெம்பரில் அவை பொஸ்பேற்றுக் கப்பல்களை மூழ்கடித்து, ஏற்றுமதித் துறையையும் சுட்டு நொறுக்கின. 1942 ஓகஸ்டில் ஜப்பானியப் படை இறங்கியது. நவூரு மக்களையும் கொரியர்களையும் வேலை வாங்கி விமான ஓடுபாதை அமைத்தது. இன்று நாட்டின் ஒரே விமான நிலையம் அந்த ஓடுபாதையில்தான் இயங்குகிறது. 1943 மார்ச்சில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. அதை அடுத்து, தீவில் தங்கியிருந்த அவுஸ்திரேலிய நிர்வாகி உட்பட ஐந்து அவுஸ்திரேலியர்கள் கொல்லப்பட்டார்கள்.

அந்த ஆண்டின் நடுப்பகுதியில் மக்களை வெளியேற்றும் வேலை தொடங்கியது. உணவு போதாது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டு தொகுதிகளாக 1,200 பேர் கப்பலேற்றப்பட்டு, வடமேற்கே வெகு தொலைவில் உள்ள ட்ரக் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இன்று சூக் என்று பெயர். மொத்த நவூரு மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவர்கள். நோயாளிகளுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடியது. தொழுநோயாளர் விடுதியில் இருந்த 39 பேரையும் வேறு தீவுக்குக் கொண்டுபோகிறோம் என்று படகில் ஏற்றினார்கள். கடலில் வைத்து அவர்களைக் கொன்றுவிட்டார்கள். அவர்களின் உறவினர்களுக்குப் போர் முடியும் வரை உண்மை தெரியாது.

ட்ரக்கில் கட்டாய வேலை, பசி, நோய், குண்டு வீச்சு. தலைவராகக் கூடச் சென்ற திமோதி டெட்டுடாமோ மக்களை ஒன்றாக வைத்திருக்கப் பாடுபட்டார். தீவிலேயே எஞ்சியவர்களும் பட்டினி கிடந்தார்கள். இரும்புப் பீப்பாய்களைப் பாதியாக வெட்டி, மனிதக் கழிவை உரமாக்கி அதில் பூசணி வளர்த்து உண்டார்கள். தென்னங்கள்ளுத்தான் பலரின் உயிரைப் பிடித்து வைத்தது.

1945 செப்ரெம்பரில் ஜப்பானியப் படை சரணடைந்தது. ஆனால் ட்ரக்கில் இருந்தவர்கள் வீடு வர மேலும் சில மாதங்கள் எடுத்தன. 1946 ஜனவரி 31-இல் கப்பல் நவூருவை அடைந்தது. போன 1,200 பேரில் திரும்பியவர்கள் 737 பேர். அங்காம் குழந்தை அவர்களுள் இல்லை. ட்ரக்கிலே இறந்துபோனாள்.

மறுபடியும் இனம் 1,500-க்குக் கீழே. மறுபடியும் எண்ணத் தொடங்கினார்கள். 1949 மார்ச் 31-இல் அந்த எண்ணை இரண்டாம் முறையும் எட்டினார்கள். இன்றும் ஒக்ரோபர் 26 அங்காம் நாளாகப் பொதுவிடுமுறையுடன் கொண்டாடப்படுகிறது.

"வேறு தீவு தருகிறோம்"

போருக்குப் பின் ஐக்கிய நாடுகளின் நம்பிக்கைப் பொறுப்புப் பிரதேசமாயிற்று நவூரு. நிர்வாகம் அதே மூன்று நாடுகளின் பெயரில், நடைமுறையில் அவுஸ்திரேலியாவின் கையில். நிலம் முன்னைவிட வேகமாக வெட்டப்பட்டது. பொஸ்பேற்று முடியும்போது தீவில் வாழ முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவுஸ்திரேலியா முன்வைத்த தீர்வு: மக்களை வேறிடத்தில் குடியேற்றுவது.

1960-களின் முற்பகுதியில் குயின்ஸ்லாந்துக் கரையோரமுள்ள கேர்ட்டிஸ் தீவு முன்மொழியப்பட்டது. நவூரு மக்கள் எடுத்த எடுப்பிலேயே மறுக்கவில்லை. அங்கே தமது அலுவல்களைத் தாமே நடத்தும் தனி இறைமை வேண்டும் என்று கேட்டார்கள். அவுஸ்திரேலியா தரச் சம்மதித்தது குடியுரிமையும் உள்ளூராட்சியும் மட்டும். தனி இனமாக இல்லாமல் கரைந்துபோவதற்கு நாம் உடன்பட மாட்டோம் என்ற நிலைப்பாட்டில் நின்று, 1964-இல் அந்தத் திட்டத்தை நிராகரித்தார்கள். நிலம் தருகிறோம், உரிமையைக் கேட்காதே என்ற பேரத்தை எம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்தப் பேச்சுக்களை வழிநடத்தியவர் ஹமர் டீரொபேர்ட். ட்ரக்கிலிருந்து உயிர் தப்பித் திரும்பியவர்களுள் ஒருவர். ஆசிரியராக வேலை செய்தவர். 1956-இல் தலைமைக் குலத்தலைவரானவர். அவர் தலைமையில் சுதந்திரம் கோரப்பட்டது. 1968 ஜனவரி 31 நவூரு சுதந்திர நாடாயிற்று. அந்தத் திகதி தற்செயலானதல்ல. ட்ரக்கிலிருந்து வீடு திரும்பிய அதே நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். 22 ஆண்டுகளுக்கு முன் 737 பேர் கரையிறங்கிய நாள் நாட்டின் பிறந்தநாளாயிற்று. துயரத்தின் நாளைத் தள்ளி வைக்காமல், அதன் மேலேயே அரசை எழுப்பிய முடிவு அது. பொஸ்பேற்றுத் தொழிலை 21 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் கொடுத்து வாங்கினார்கள். தமது சொந்த மண்ணை வெட்டும் இயந்திரங்களுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஹேக்கில் ஒரு வழக்கு

சுதந்திரத்துக்கு முன்பே தீவின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெட்டி முடிக்கப்பட்டிருந்தது. அந்த நிலத்தைச் சீர்செய்து தரும் பொறுப்பு ஆண்டவர்களுடையது என்று நவூரு தலைவர்கள் தொடக்கம் முதலே சொல்லி வந்தார்கள். ஐ.நா.வில் சொன்னார்கள், கடிதங்களில் எழுதினார்கள், சுதந்திர நாளன்றும் அதைக் கைவிடவில்லை என்றார்கள். பதில் எதுவும் வரவில்லை.

1980-களின் பிற்பகுதியில் நவூரு அரசு ஒரு விசாரணை ஆணைக்குழுவை அமைத்தது. அதன் தலைவர் இலங்கையர்: உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து, பின்னர் மெல்பேர்னில் சட்டப் பேராசிரியரான சி. ஜி. வீரமந்திரி. அந்த ஆணைக்குழு பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து, ஆண்ட நாடுகள் எதை அறிந்திருந்தன, எவ்வளவு குறைந்த விலைக்கு வாங்கின என்பதைப் பதிவு செய்தது. அதைப் பின்னர் ஒரு நூலாகவும் வீரமந்திரி வெளியிட்டார்.

1989 மே மாதத்தில் நவூரு அவுஸ்திரேலியாவுக்கு எதிராகச் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவுஸ்திரேலியா பல ஆட்சேபங்களை எழுப்பியது. கோரிக்கை காலங்கடந்தது என்றது. சுதந்திர உடன்படிக்கையின்போது உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்றது. பிரித்தானியாவும் நியூசிலாந்தும் இல்லாமல் எம்மை மட்டும் விசாரிக்க முடியாது என்றது. 1992 ஜூனில் நீதிமன்றம் இந்த வாதங்களை ஏற்க மறுத்தது. ஆணையாளர்களின் வெளிநாட்டுச் சொத்துப் பற்றிய பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு கோரிக்கையை மட்டும் தள்ளிவிட்டு, வழக்கைத் தொடர அனுமதித்தது.

அதன் பிறகுதான் பேச்சு வந்தது. 1993 ஓகஸ்டில் அவுஸ்திரேலியா 107 மில்லியன் டொலர் தர உடன்பட்டது. அதில் 50 மில்லியன் 20 ஆண்டுகளில் பகுதி பகுதியாக. பிரித்தானியாவும் நியூசிலாந்தும் தலா 12 மில்லியன் பங்களித்தன. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே இணக்கத்துக்கு வந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் பத்தாயிரம் பேர் கொண்ட ஒரு தீவு, தன்னை ஆண்ட நாட்டை உலக நீதிமன்றத்தின் முன் நிறுத்திய வழக்கு அது. அந்த வழக்கு நிலைத்ததற்கு ஒரு முக்கிய காரணம், கோரிக்கை ஒருபோதும் மௌனமாகவில்லை என்பதற்கு எழுத்தில் சான்று இருந்ததுதான். ஒவ்வொரு கடிதமும், ஒவ்வொரு பதிவும், பதில் வராதபோதும் பின்னொரு நாளுக்கு உதவியது. இதுவே இக்கட்டுரையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்பும் இடம்.

பணம் எங்கே போயிற்று?

நவூருவின் கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

1970-களில் பொஸ்பேற்று விலை ஏறியபோது, தலா வருமானத்தில் நவூரு உலகின் முன்னணி நாடுகளுள் ஒன்றாயிற்று. வருமான வரி இல்லை. மருத்துவமும் கல்வியும் இலவசம். எதிர்காலத்துக்கெனப் பொஸ்பேற்று வருமானத்தை ஒரு நம்பிக்கை நிதியத்தில் சேமித்தார்கள். மெல்பேர்னில் 52 மாடிகளில் "நவூரு இல்லம்" எழுந்தது. சொந்த விமான சேவை, பயணிகள் நிரம்பாத விமானங்களைப் பசிபிக் எங்கும் பறக்கவிட்டது. 1993-இல் இலண்டனில் லியனார்டோ டாவின்சி பற்றிய ஓர் இசை நாடகத்துக்கும் நாட்டின் பணம் போயிற்று. சில வாரங்களில் அது மூடப்பட்டது.

நிதியத்தின் கணக்குகள் மக்கள் முன் வைக்கப்படவில்லை. ஆலோசகர்கள் என்று வந்தவர்கள் பலர் ஏமாற்றினார்கள். ஆள்வோர் கடன் வாங்கிக் கடனை அடைத்தார்கள். பொஸ்பேற்று வற்றத் தொடங்கியதும் எல்லாம் ஒரே நேரத்தில் சரிந்தது. 1990-களில் பெயரளவு வங்கிகளுக்கு உரிமம் விற்று, கறுப்புப் பணத்தின் புகலிடம் என்ற பெயரைச் சம்பாதித்தார்கள். 2004-இல் நவூரு இல்லம் கடனுக்காக விற்கப்பட்டது. 2005 டிசெம்பரில் எஞ்சியிருந்த ஒரே விமானத்தையும் கடன்காரர் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாடு சில மாதங்கள் சொந்த விமானமின்றி நின்றது.

உடலும் தப்பவில்லை. நிலம் போனதால் பயிர் போயிற்று. 1960-களில் கொண்டுவந்து விடப்பட்ட திலாப்பியா மீன் குளங்களில் பெருகிப் பால்மீன் வளர்ப்பையும் கெடுத்தது. தகரத்தில் அடைத்த இறைச்சியும் வெள்ளை அரிசியும் சீனியும் கப்பலில் வந்தன. 1970-களின் நடுப்பகுதியில் நடத்தப்பட்ட ஆய்வில், வளர்ந்தோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு நீரிழிவு இருந்தது. பட்டினியிலிருந்து மீண்ட தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள்.

அந்நியர் நிலத்தைக் கொண்டுபோனார்கள் என்பது எவ்வளவு உண்மையோ, எஞ்சிய செல்வத்தைச் சொந்தத் தலைவர்கள் கரைத்தார்கள் என்பதும் அவ்வளவு உண்மை. கணக்குக் கேட்க முடியாத இடத்தில் விடுதலையும் சில பேரின் சொத்தாகிவிடும்.

முகாமின் காலம்

வெறுங்கையோடு நின்ற அந்த நேரத்தில் வந்ததுதான் அவுஸ்திரேலியாவின் புதிய பேரம். 2001-இல் தம்பா என்ற கப்பலால் காப்பாற்றப்பட்ட அகதிகளைத் தன் கரையில் இறக்க மறுத்த அவுஸ்திரேலியா, அவர்களை வைத்திருக்க நவூருவுக்குப் பணம் கொடுத்தது. 2007-இல் 80-க்கும் மேற்பட்ட இலங்கையர் அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தமிழர். பெரும்பான்மையோர் அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். 2008 பெப்ரவரியில் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறியவர்களும் இலங்கையர்தான். 2012 செப்ரெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டபோது முதல் விமானத்தில் கொண்டுவரப்பட்டவர்களும் இலங்கையர்.

கூடாரங்கள் அமைக்கப்பட்டது பொஸ்பேற்று வெட்டிய அந்த மேட்டு நிலத்தில். பயிரும் முளைக்காத இடம். வெப்பமும் தூசியும் முடிவில்லாத காத்திருப்பும் மனிதர்களை உடைத்தன. 2013 யூலையில் கலவரம் மூண்டு முகாமின் பெரும்பகுதி எரிந்தது. 2016-இல் ஓர் ஈரானிய இளைஞர் தீக்குளித்து இறந்தார். அதே ஆண்டு கார்டியன் செய்தித்தாள் வெளியிட்ட 2,000-க்கும் மேற்பட்ட உள் அறிக்கைகளில் சிறுவர்கள் அனுபவித்த கொடுமைகள் நிறைந்திருந்தன. 2019 தொடக்கத்தில் கடைசிச் சிறுவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

இதற்கு நவூரு மக்களை வெறுப்பது எளிது. முகாமிலிருந்து வந்த எம்மவர் சிலரின் கசப்பும் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டின் உருவத்தைப் பாருங்கள். முதலில் அந்த நிலத்தின் பொஸ்பேற்றை எடுத்தார்கள். பிறகு எதற்கும் உதவாத அந்த நிலத்தைத் தாம் வேண்டாத மனிதர்களை வைத்திருக்க வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டு தடவையும் விலையைத் தீர்மானித்தது ஒரே கை.

இன்றைய பொதுவாழ்வு

பாராளுமன்றத்தில் 19 உறுப்பினர்கள். வலுவான கட்சிகள் இல்லை. குடும்பமும் குலமும் அறிமுகமுமே அரசியல். ஜனாதிபதியைப் பாராளுமன்றமே தன் உறுப்பினருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கும். வாக்களிப்பது கட்டாயம். வாக்கு முறை நாம் அறிந்த விருப்பு வாக்கிலிருந்து வேறுபட்டது. வாக்காளர் எல்லா வேட்பாளரையும் வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு அரை, மூன்றாமிடத்துக்கு மூன்றில் ஒன்று என்று புள்ளிகள் கூட்டப்படும். 1971-இல் கொண்டுவரப்பட்ட இந்த முறை இப்படியே உலகில் வேறெந்த நாட்டிலும் தேசியத் தேர்தலில் இல்லை.

முகாம் பணம் வந்த ஆண்டுகளில் ஜனநாயகம் சுருங்கியது. 2014-இல் நீதவான் நாடுகடத்தப்பட்டார். பிரதம நீதியரசரின் விசா ரத்துச் செய்யப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநிறுத்தப்பட்டார்கள். வெளிநாட்டு ஊடகவியலாளருக்கான விசாக் கட்டணம் 8,000 டொலராக உயர்த்தப்பட்டது. 2015-இல் பாராளுமன்றத்தின் முன் நடந்த போராட்டத்துக்காக 19 பேர் மீது வழக்கு. அவுஸ்திரேலிய மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழியும் 2018-இல் அடைக்கப்பட்டது.

மக்கள் வாழ்வு அதற்கு அப்பாலும் ஓடுகிறது. நிலம் இன்னும் குடும்பங்களின் சொத்து. அரசுக்கென்று நிலம் கிட்டத்தட்ட இல்லை. ஒரு துண்டுக்கு நூறு உரிமையாளர் இருப்பதும் உண்டு. பிணக்குகளைத் தீர்க்கக் காணிக்குழு இருக்கிறது. மாலையில் இளைஞர்கள் அவுஸ்திரேலியப் பாணிக் கால்பந்து ஆடுகிறார்கள். பாரம்தூக்கலில் நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த மார்க்கஸ் ஸ்டீபன் 1990-இல் பொதுநலவாய விளையாட்டில் தங்கம் வென்று, பின்னர் ஜனாதிபதியுமானார். இரவில் மரங்களில் அடையும் கடற்பறவைகளைப் பிடித்து உண்ணும் பழக்கமும் மறையவில்லை. வீட்டில் நவூரு மொழி, அலுவலகத்தில் ஆங்கிலம். 1938-இல் டெட்டுடாமோ தொகுத்த தீவின் பழங்கதைகள், அவர் இறந்து பல பத்தாண்டுகளின் பின் 2008-இல் நூலாக வந்தன.

பொஸ்பேற்று முடியும் நிலையில் நாட்டின் பார்வை இப்போது கடலடியில். ஆழ்கடல் கனிமங்களை எடுக்க ஒரு கம்பனிக்கு அனுசரணை வழங்கும் நவூரு, 2021-இல் சர்வதேச கடற்படுக்கை அதிகாரசபையை விரைவாக விதிகளை ஆக்கும்படி நெருக்கியது. மற்ற பசிபிக் நாடுகள் பல எதிர்க்கின்றன. தரையை இழந்த மக்கள் கடலின் அடியையும் விற்கப் போகிறார்களா என்று கேட்கிறார்கள். கடல் மட்டம் உயர்ந்தால் கரையோரப் பட்டியிலிருந்து அதே மேட்டு நிலத்துக்குத்தான் ஏற வேண்டும். அதைச் சீர்செய்யப் பணம் வேண்டும்.

கையில் நிலம் இருக்கும்போதே அதைக் காத்துக்கொள்வதும், இழந்ததை ஆவணமாக வைத்திருப்பதும், கிடைத்த பணத்துக்கு எம்மவரிடமே கணக்குக் கேட்பதும் மூன்று தனித்தனி வேலைகள் என்பதை நவூரு எனக்கு உணர்த்துகிறது. இரண்டாவதை அவர்கள் மிக நன்றாகச் செய்தார்கள். முதலாவதைச் செய்ய அவர்களை விடவில்லை. மூன்றாவதை அவர்களே செய்யத் தவறினார்கள். இவ்வளவுக்குப் பிறகும், ஒருகாலத்தில் 1,500-ஐ எட்டுவோமா என்று அஞ்சிய இனம் இன்று அதைப்போல ஏழெட்டு மடங்காகி, தன் மொழியில் பேசி, தன் கொடியின் கீழ் நிற்கிறது. ஒவ்வோர் ஒக்ரோபர் 26-உம் அவர்கள் அதைத்தான் கொண்டாடுகிறார்கள்.